இளம்பெண்களின் தடுப்பூசி ஐயங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2014-இல் நம் தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகளில் நான்காம் வகுப்பு மாணவியருக்கு இலவசமாகப் போடத் தொடங்கப்பட்டாலும், அதற்கு முன்பே அவ்வகுப்பைக் கடந்துவிட்ட இளம்பெண்கள் அத்திட்டத்துக்குள் வரவில்லை. பாலுறவால் பரவும் வைரஸைப் பற்றிய பேச்சு என்பதால், “பிள்ளைப்பேறு பாதிக்குமா?” (பாதிக்காது), “கல்யாணத்துக்கு முன் எதற்கு?” போன்ற ஐயங்களை டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளில் அம்மாவிடம் கேட்கவே பலர் கூசுகிறார்கள், துண்டறிக்கையிடமோ எதையும் கேட்க முடியாது. கர்ப்பிணிகளுக்கான மாம்கனெக்ட் சேவை வாட்ஸ்அப்பில் நடப்பதைப்போல், வயதைக் கேட்டு, அச்சம் எதுவென்று அறிந்து, அதற்குமட்டும் பதில் சொல்லி, அருகில் ஊசி கிடைக்கும் இடத்தையும் அதன் விலையையும் மறைக்காமல் காட்டும் சேவையொன்றைச் சுகாதாரத் துறை தொடங்க வேண்டும். ஊசி போட்டவர்களுக்கும் கருப்பை வாயைச் சோதிக்கும் பாப் ஸ்மியர் சோதனை அவசியம் என்பதை அச்சேவை தவறாமல் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, டர்பன்