அந்த வேடத்துக்கு ஆள் தேடும்போது

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும்,

வணக்கம். 2015 பொங்கலுக்கு ‘ஐ’ பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஒப்பனைக் கலைஞராக வரும் திருநங்கை நாயகன்மேல் ஆசைப்படும் காட்சிகளில் அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் அண்ணன். சிரிக்காவிட்டால் “ஏன்டா?” என்பான். அதற்குப் பதில் சொல்லும் தைரியம் அன்று எனக்கு இல்லை.

அதில் நடித்த ஓஜஸ் ரஜானி நிஜத்திலும் பேர்பெற்ற ஒப்பனைக் கலைஞர். அவர் தொழில் உங்களுக்கு வேண்டியிருந்தது, மரியாதை வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்பும் ‘அப்பு’வில் (2000) திருநங்கை மகாராணிதான் வில்லி; ‘வேட்டையாடு விளையாடு’வில் (2006) கொலைகாரர்கள் இருவரும் ஓரினச்சேர்க்கையாளர்களா என்று போலீஸ் அதிகாரியே கேட்பார்.

‘கோவா’வை (2010) மட்டும் எனக்குப் பிடிக்கும். கிண்டல் அதிலும் உண்டுதான். ஆனால் அதில் வரும் ஆண் காதலர்களில், டேனியலின் கண் வேறு பக்கம் போனதும் ஜாக் பொறாமையில் வேகிறானே, அது எந்த வீட்டிலும் நடக்கிற சண்டை.

சரி, ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) வந்தது. திருநங்கை ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. வீட்டை விட்டுப் போன அப்பா ஷில்பாவாகப் புடவையில் வந்து நிற்க, ஊரே வாயைப் பிளக்கிறது. மகன், அந்தப் பொடியன் மட்டும் கையைப் பிடித்துக்கொள்கிறான். அழுதுவிட்டேன். அப்புறம் அதே ஷில்பா, குழந்தைகளைக் கடத்த உடந்தையாக இருந்ததாகச் சொல்கிறார். திருநங்கைகள் மேல் ஊர் சுமத்துகிற அதே பழைய பழி! அந்த வேடத்துக்கு ஒரு திருநங்கையையே கூப்பிட்டிருந்தால், “இந்த வசனம் எதுக்கு சார்?” என்று கேட்டிருப்பார்.

ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். ‘நர்த்தகி’யில் (2011) கல்கி சுப்ரமணியம்தான் நாயகி. ‘பேரன்பு’வில் மம்மூட்டியோடு அஞ்சலி அமீர் நடித்தார். அடுத்த படத்துக்கு நடிகர் தேர்வு அறிவிக்கும்போது திருநங்கை, திருநம்பி என்று இரண்டு வார்த்தை சேர்த்துப் போடுங்கள்.

ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்றும் சொல்வீர்கள். 2008-லேயே விஜய் டிவியில், திருநங்கை ரோஸ் நடத்திய ‘இப்படிக்கு ரோஸ்’ பேட்டி நிகழ்ச்சி வந்தது. ரோஸ் கேள்வி கேட்டார், வந்தவர்கள் பதில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டே பார்த்தார். ரிமோட் அண்ணன் கையில்தான் இருந்தது. அவன் சேனலை மாற்றவில்லை.

இப்படிக்கு,
கடைசி வரிசை ரசிகன்