டேங்க் வாங்கப் போகும் முரளிக்கு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருக்கிறாய், இனி தரையில் ஒரு பொருள் வைக்க முடியாது, தயாராக இரு. எங்கள் பக்கம் பெரிதாகச் சேதி ஒன்றும் இல்லை. எனக்குக் கண்ணாடி பவர் ஏறிவிட்டது, சின்ன ஸ்க்ரூவெல்லாம் கண்ணில் படுவதில்லை, அதனால் லென்ஸ் வைத்த விளக்கு ஒன்றை வாங்கி மேஜையில் மாட்டியிருக்கிறேன். வேலை எப்போதும் போல.

சரி, டேங்க் விஷயம், அதாவது ரிமோட்டில் ஓடும் போர் டேங்க் மாடல். "இந்த வயசில் ரிமோட் டேங்க் வாங்கினால் வீட்டில் சிரிக்க மாட்டார்களா" என்று கேட்டிருக்கிறாய். சிரிப்பார்கள். ஐந்து நிமிஷம் கழித்து "கொஞ்சம் கொடுங்க, நானும் ஓட்டிப் பார்க்கிறேன்" என்பார்கள். அதைப் பற்றி யோசிக்காதே.

முதலில் அளவு. 1/16 எடு, அதாவது நிஜ டேங்கின் நீளத்தில் பதினாறில் ஒரு பங்கு, வேறு எதுவும் வேண்டாம். 1/24, 1/35 எல்லாம் கிடைக்கும், இடமும் குறைவாகப் பிடிக்கும், ஆனால் கியர்பாக்ஸ், ஸ்பீக்கர், புகை கக்கும் கருவி எல்லாம் உள்ளே உட்கார 1/16-இல்தான் இடம் இருக்கிறது, உதிரி பாகங்களும் அதற்குத்தான் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் சின்னது என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஓட்டிய டைகர் டேங்க் பீரங்கிக் குழலோடு சேர்த்து 8.45 மீட்டர், 16-ஆல் வகுத்தால் 53 சென்டிமீட்டர் வருகிறது. எங்கே வைப்பது என்பதை வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடு.

எந்தக் கம்பெனி? இதில் இரண்டு வழி. ஜப்பானின் டமியா 1974-லேயே 1/16 அளவில் லெப்பர்ட் டேங்கை ரேடியோ கன்ட்ரோலில் கொண்டுவந்தது, அவர்களுடைய புகழ்பெற்ற ஆர்.சி. கார்களெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. அவர்கள் டேங்க் கிட்டாக வரும், நீயே உட்கார்ந்து பூட்ட வேண்டும், அருமையாக இருக்கும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். இன்னொரு பக்கம் ஹெங் லாங், சீனத் தயாரிப்பு, பெட்டியைத் திறந்து பேட்டரியை சார்ஜ் போட்டால் ஓடும். முதல் டேங்குக்கு இந்த இரண்டாவது வழிதான் சரி என்பது என் கட்சி. பூட்டுகிற ஆசை உனக்கு எப்படியும் வரும், அதற்கு முன் இது உனக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடு. பழைய சரக்கு யாராவது மலிவாகத் தந்தால் ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸா என்று பார். முன்பு வந்த 27, 40 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில் ஒரே அலைவரிசையில் இரண்டு வண்டி சேர்ந்தால் ஒன்றின் ரிமோட் மற்றதையும் ஆட்டிவைக்கும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. டேங்கின் அழகே அதன் மந்தத்தில்தான் இருக்கிறது. நிஜ டைகர் சாலையில் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் போகும், 16-ஆல் வகுத்தால் இரண்டரை கிலோமீட்டர், நீ நடக்கும் வேகத்தில் பாதி. கடையில் வரும் மாடல்கள் பல இதைவிட வேகமாக ஓடும், புதிதாக வாங்குகிறவர்கள் ரிமோட்டின் ஸ்டிக்கை முழுக்கத் தள்ளி வீட்டுக்குள் பறக்கவிடுவார்கள், அப்போது அது வெறும் பொம்மையாகத்தான் தெரியும். ஸ்டிக்கை மெல்ல நகர்த்து, எஞ்சின் சத்தம் ஏறட்டும், அப்புறம் வண்டி கிளம்பட்டும். நிறுத்தும்போதும் அப்படியே. மூக்கு லேசாகக் குனிந்து நிமிரும் பார், அந்த ஒரு அசைவுக்காகத்தான் நாங்களெல்லாம் இதில் விழுந்து கிடக்கிறோம்.

எடைக் கணக்கு இதைவிடச் சுவாரசியம். டைகர் 57 டன். நீளம் 16-இல் ஒரு பங்கானால் எடையும் அப்படித்தான் குறையும் என்று நினைப்போம், ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றுமே சுருங்குகின்றன அல்லவா, ஆக 16 பெருக்கல் 16 பெருக்கல் 16, அதாவது 4096-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 14 கிலோ வருகிறது! பிளாஸ்டிக் மாடல் மூன்று நான்கு கிலோதான் இருக்கும். அதனால்தான் மேடு பள்ளத்தில் அது காலி டப்பா போலத் துள்ளுகிறது. உலோக டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை), உலோகச் சக்கரம் என்று எல்லாரும் ஓடுவதற்குப் பாதிக் காரணம் இந்த எடைதான், உறுதி மட்டும் இல்லை. எடை கீழே இருக்க வேண்டும், மேலே சுழலும் டர்ரெட்டில் ஈயத்தைத் திணித்தால் சரிவில் உருண்டுவிடும். ரொம்ப ஏற்றினாலும் மோட்டார் சூடாகும், கியரின் பல் தேயும்.

கியர் என்றதும் ஒன்று. ஒரே மாடலே பல தரத்தில் வரும், முழுக்கப் பிளாஸ்டிக், உலோக கியர்பாக்ஸ் மட்டும், டிராக்கும் சக்கரமும் சேர்த்து உலோகம் என்று. நடுவில் இருப்பதை எடு. பிளாஸ்டிக் டிராக்கே கொஞ்ச நாளைக்குப் போதும். பிறகு உலோக டிராக் போடுவதானால் அதை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் கூடவே உலோகமாக மாற்று, இல்லாவிட்டால் டிராக் பிளாஸ்டிக் பல்லைக் கடித்துத் துப்பிவிடும். உலோக ஸ்க்ரூ உலோகத்தில் ஏறும் இடத்தில் ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் திரெட்லாக்கர் பசை ஒரு துளி விடலாம், பிளாஸ்டிக்கில் ஏறும் இடத்தில் விடவே கூடாது, சில பிளாஸ்டிக்குகள் அது பட்டால் விரிசல் விடும்.

எந்த டேங்க் என்று நீ கேட்கவில்லை, டைகர்தான் என்று முடிவே செய்துவிட்டாய் போலிருக்கிறது. எல்லாருக்கும் முதலில் டைகர் மேல்தான் கண். ஆனால் அதன் சக்கரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னி அடுக்கியவை, உள் வரிசையில் ஒரு சக்கரத்தில் முடியோ நூலோ சுற்றிக்கொண்டால் வெளியே இருப்பதையெல்லாம் கழற்றித்தான் எடுக்க வேண்டும். நிஜப் போரிலேயே ரஷ்யக் குளிரில் அந்தச் சக்கரங்களுக்கு நடுவே சேறு புகுந்து உறைந்து வண்டி நகராமல் நின்ற கதைகள் உண்டு. முதல் வண்டிக்கு சோவியத்தின் டி-34 அல்லது அமெரிக்காவின் ஷெர்மன் எடு. டி-34-இல் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம், டிராக்கின் மேல்பகுதி அந்தச் சக்கரங்களின் மேலேயே படுத்துக்கொள்ளும், துடைப்பது சுலபம். வேடிக்கை என்னவென்றால் சக்கரங்களைத் தாங்கும் அந்த சஸ்பென்ஷனின் மூலம் கிறிஸ்டி என்ற அமெரிக்கருடையது, அவர் நாட்டு ராணுவம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, சோவியத் வாங்கிக்கொண்டு போனது.

ஓட்டும்போது ஒரு விஷயம் மட்டும் பழகிக்கொள். ஒரு டிராக்கை முன்னால், ஒன்றைப் பின்னால் ஓட்டி நின்ற இடத்திலேயே சுழலலாம், பார்க்கவும் ஜோராக இருக்கும். கனமான கம்பளத்திலும் புல்லிலும் அதைச் செய்யாதே, பக்கவாட்டில் விசை விழுந்து டிராக் கழன்றுவிடும். முன்னால் போய்க்கொண்டே அகலமாக வளைத்துத் திருப்பு. டிராக் ரொம்பத் தொங்கினாலும் கழலும், விறைப்பாக இருந்தாலும் மோட்டாருக்குப் பாரம். டிராக்கின் மேல்பகுதியை விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

சுடுகிற விஷயம். 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு சுடும் மாடல்கள் உண்டு, உன் வீட்டுக்கு அது வேண்டாம். ஒரு குண்டு சோபாவுக்கு அடியில் போனால் நாளைக்குப் பேரன் வாயில்தான் இருக்கும், கண்ணில் பட்டாலும் ஆபத்து. இன்ஃப்ராரெட் போதும். குழலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி போகும், எதிர் டேங்கின் மேல் இருக்கும் ரிசீவர் அதை வாங்கி அடியாகக் கணக்கு வைக்கும், அடி ஏறினால் வண்டி முடங்கி நிற்கும். நல்ல வெயிலில் மட்டும் இது சரியாக வேலை செய்யாது, மாலையில் வைத்துக்கொள்ளலாம். குழல் பின்னால் உதைக்கும் ரீகாயில் இருக்கிற மாடலாகப் பார். குண்டு சுடுவதைவிட அதுதான் நிஜம் போல இருக்கும்.

பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதே, லித்தியம் என்றால் கட்டாயம் பக்கத்தில் இரு. ஓட்டி முடித்ததும் கழற்றி வை. புகைக் கருவியில் திரவம் தீர்ந்த பிறகும் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் திரி கருகிவிடும், புகையே வேண்டாம் என்றால் அணைத்து வை, என்னுடையது பெரும்பாலும் அணைந்தேதான் இருக்கிறது.

பெயிண்டைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது ஒரு கடல். இப்போதைக்கு ஒன்று செய். பெட்டியிலிருந்து வரும்போது பளபள என்றிருக்கும் அல்லவா, மேட் வார்னிஷ் ஒரு கை அடித்துக் காயவிட்டு, நீர்த்த பழுப்பு நிறத்தை இடுக்குகளில் ஓடவிட்டு மேலே துடைத்துவிடு. ஒரே சாயங்கால வேலை, வண்டி அடையாளமே மாறிவிடும். டிராக் அருகே சேறு அதிகம், டர்ரெட்டில் தூசு மட்டும், இந்த வித்தியாசம் இருந்தால் போதும்.

டி-34 என்றால் பச்சைதான், யோசிக்க ஒன்றுமில்லை. இல்லை, ஜெர்மன் வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் எந்த வருஷத்து வண்டி என்று பார்த்துச் சொல், 1943 பிப்ரவரிக்கு முன்னால் அடர் சாம்பல், அதற்குப் பிறகு மஞ்சள்தான் அடிப்படை நிறம். முடிவானதும் எழுது, என்னிடம் மிச்சம் இருக்கும் டப்பாக்களில் எது பொருந்துமோ அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
சேகர்