சுவரொட்டியால் வராது வெட்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழங்கிரேக்க அரசியல் சிந்தனை பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தவறு செய்பவர்களின் படத்தைத் தெருவில் ஒட்டினாலே மக்கள் திருந்திவிடுவார்கள், பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் சொன்னது இதைத்தான் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

ஏதென்ஸ் நகரம் அவமானத்தைத் தண்டனையாக வைத்திருந்தது உண்மைதான். அரசுக்குக் கடன்பட்டவர் மக்கள் சபையில் பேசும் உரிமையையே இழந்தார். ஆனால் அந்த நகரத்துச் சிந்தனையாளர்கள் கேட்ட கேள்வி, வெட்கப்படத் தெரிந்த குடிமகனை எப்படி வளர்ப்பது என்பது.

பிளேட்டோவின் 'புரோட்டகோரஸ்' உரையாடலில் ஒரு கதை வருகிறது. மனிதர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வதைப் பார்த்த கடவுளர் தலைவர் சீயஸ், நாணத்தையும் நீதியையும் தன் தூதரான ஹெர்மஸ் மூலம் அனுப்புகிறார். மருத்துவம் போல ஒரு சிலருக்கு மட்டும் கொடுக்கவா என்று ஹெர்மஸ் கேட்க, எல்லோருக்கும் கொடு என்கிறார். இவை இல்லாதவனை நகரத்தின் நோயாகக் கருதிக் கொல்ல வேண்டும் என்றும் கடுமையாகச் சொல்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கதையின் உயிர் அந்த 'எல்லோருக்கும்' என்பதில் இருக்கிறது. கொல்லரும் செருப்புத் தைப்பவரும் ஊர் விஷயத்தில் யோசனை சொல்லலாம் என்பதற்கு, உரையாடலில் இந்தக் கதையைச் சொல்லும் ஆசிரியர் புரோட்டகோரஸ் காட்டும் நியாயமே அதுதான்.

'சட்டங்கள்' நூலில் பிளேட்டோ இன்னும் ஒரு படி போகிறார். கெட்ட பெயருக்கு அஞ்சும் குணத்தை வளர்க்க அவர் சொல்லும் வழி மது விருந்து! குடித்தால் கூச்சம் விட்டுப்போகும். அப்போதும் அடக்கமாக இருக்கப் பழகட்டும் என்கிறார். 18 வயது ஆகாதவர்களுக்கு மது கிடையாது. நிதானம் தவறாதவர்கள்தான் விருந்தை நடத்த வேண்டும். 60 வயதைத் தாண்டிய பெரியவர்களின் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்பட வேண்டும். இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அங்கே ஒருவர் தடுமாறினால் பெரிய சேதம் எதுவும் இல்லை, சுற்றி இருப்பவர்களும் நண்பர்கள்.

அரிஸ்டாட்டில் வெட்கத்தை அறம் என்றே ஏற்கவில்லை. அது ஓர் உணர்ச்சி, தவறக்கூடிய இளம் வயதினருக்குத்தான் பொருந்தும் என்கிறார். அப்புறம், நாம் யாரை மதிக்கிறோமோ அவர்கள் முன்னால்தான் வெட்கப்படுகிறோம் என்றும் எழுதுகிறார். தெருவில் போகிற முகம் தெரியாத கூட்டத்தின் முன் ஒருவருடைய படத்தை ஒட்டினால் அவருக்குக் கோபம்தான் வரும்.

கி.மு. 399-இல் தன் மீது நடந்த வழக்கு விசாரணையின்போது பிளேட்டோவின் குருவான சாக்ரடீஸ், பணத்தைத் தேடி ஆன்மாவைக் கவனிக்காமல் விடுவது வெட்கமாக இல்லையா என்று ஏதென்ஸ் மக்களிடம் கேட்டதாகச் சொல்வதைப் பற்றியும், ஒரு தந்தையைப் போல, அண்ணனைப் போல ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ப் பேசியதாக அவர் சொன்னதைப் பற்றியும் கட்டுரையாளர் அடுத்த பகுதியில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்