பாட்டுக்கு நடுவே பெயர் சொன்னவர்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வேல்ஸ் நாட்டு ராக் பாடகரும் கிட்டார் கலைஞருமான டேவ் எட்மண்ட்ஸின் முதல் தனி ஆல்பமான ‘ராக்பைல்’ இசைத்தட்டை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை பலரோடு கூடி உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போன சனிக்கிழமை மாலை கார்டிஃபில் அது நிறைவேறியது. எட்மண்ட்ஸ் பிறந்த ஊரிலேயே நடந்ததில் எனக்கு இரட்டிப்பு சந்தோஷம். உங்களில் ஒருவர் கை கொடுக்காமல் இருந்திருந்தாலும் இது நடந்திருக்காது. அதனால்தான் தனித்தனியாகச் சொல்லாமல் எல்லோர் முன்பாகவும் எழுதுகிறேன்.

முதல் நன்றி, இசைத்தட்டைத் தந்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. 1972இல், ஆல்பம் வெளிவந்த வருடமே, தன் சம்பளப் பணத்தில் வாங்கிய தட்டு அது. உறைகூடக் கிழியாமல் வைத்திருந்தார். கேட்டதும் ‘எடுத்துட்டுப் போ’ என்று கையில் கொடுத்துவிட்டார். அந்த ஆல்பத்தில் உள்ள எட்மண்ட்ஸின் ‘ஐ ஹியர் யூ நாக்கிங்’ பாட்டு 1970 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆறு வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்ததையும், கார்டிஃப் பையன் ஒருவன் அதைச் சாதித்தான் என்று ஊரே பூரித்ததையும் அவர் எழுந்து நின்று சொன்னபோது அரங்கில் எல்லோரும் கைதட்டினோம். நான் தயாரித்து வைத்திருந்த அறிமுகத்தைவிட அது பல மடங்கு நன்றாக இருந்தது.

ரெக்கார்டு பிளேயரைச் சரிசெய்து தந்த தம்பிக்கு அடுத்த நன்றி. பெல்ட் தளர்ந்து வேகம் குறைந்திருந்தது. வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கிவிடும். கிட்டார் துள்ளாமல் இழுக்கும். புது பெல்ட் போட்டு, ஊசியின் எடையையும் சரிபார்த்துவிட்டு, பெல்ட்டின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். அரங்கைத் திறந்துவிட்டவர்களுக்கும், நாற்காலி போட்டவர்களுக்கும், எல்லோருக்கும் வடையும் டீயும் கொண்டுவந்த அக்காவுக்கும் நன்றி.

‘ஐ ஹியர் யூ நாக்கிங்’ பாட்டை அமெரிக்கப் பாடகர் ஸ்மைலி லூயிஸ் 1955இல் பாடிய மூலப் பதிவைத் தேடிக் கொண்டுவந்த மாணவிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அதை முதலில் போட்டுவிட்டு எட்மண்ட்ஸின் பாட்டைப் போடலாம் என்பது அவருடைய யோசனைதான். எவ்வளவு நல்ல யோசனை! நியூ ஆர்லியன்ஸில் பதிவான அந்த மூலத்தில் ஹ்யூயி ஸ்மித்தின் பியானோ உருண்டு ஓடுகிறது, லூயிஸின் கனத்த குரல் அதன்மேல் சாவகாசமாக நடக்கிறது. எட்மண்ட்ஸ் பியானோவின் இடத்தைக் கிட்டாருக்குக் கொடுத்தார். தன் குரலைத் தொலைபேசியில் கேட்பதுபோல நசுக்கினார். பதினைந்து வருடப் பழைய பாட்டு அன்று காலையில் எழுதியதுபோல ஆகிவிட்டது.

இந்த ஆல்பத்தில் பெரும்பாலான வாத்தியங்களை எட்மண்ட்ஸ் தானே வாசித்தார். ஒன்றைப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் அடுத்தது, அதற்கும் மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனார். ‘ஒற்றை ஆள் செய்த ஆல்பம்’ என்று பலரும் சொல்வதற்கு அதுதான் காரணம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எட்மண்ட்ஸின் முந்தைய குழுவான லவ் ஸ்கல்ப்ச்சரில் கூட இருந்த ஜான் வில்லியம்ஸ் பேஸ் கிட்டாரோடு வந்து நின்றார். வேல்ஸின் மான்மத் ஊர்ப் பக்கத்தில் தங்கள் பால்பண்ணையையே ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவாக மாற்றிய கிங்ஸ்லி, சார்ல்ஸ் வார்ட் சகோதரர்கள் இல்லையென்றால், இப்படிப் பொறுமையாக அடுக்க அவருக்கு இடம் ஏது? இசைக் கலைஞர்கள் அங்கேயே தங்கிப் பதிவு செய்யலாம் என்ற வசதியை அந்தச் சகோதரர்கள்தான் முதலில் உண்டாக்கினார்கள். மணிக்கணக்கு பார்க்கும் லண்டன் ஸ்டுடியோவில் இந்த ஆல்பம் பிறந்திருக்காது என்பது என் எண்ணம்.

அப்புறம் பாட்டுகள். ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெரியின் பாட்டுகள் இருக்கின்றன. பாப் டிலன், நீல் யங் எழுதியவையும் இருக்கின்றன. அவற்றையும் ஐம்பதுகளின் தாளத்துக்கு இழுத்துவந்துவிட்டார். ராக் இசை நீளநீளமான வாசிப்புகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. எட்மண்ட்ஸே லவ் ஸ்கல்ப்ச்சரில் இசையமைப்பாளர் கச்சதூரியனின் ‘சேபர் டான்ஸ்’ இசையைக் கிட்டாரில் மின்னல் வேகத்தில் வாசித்துப் பெயர் வாங்கியவர்தான். அப்படிப்பட்டவர் சின்னப் பாட்டுக்கும் துள்ளும் தாளத்துக்கும் திரும்பியது பெரிய துணிச்சல். பின்னால், 1981இல், அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்ட்ரே கேட்ஸ் என்ற ராக் குழு இளைஞர்களின் முதல் ஆல்பத்துக்கு அவர் துணை நின்றதும் இந்தப் பிடிவாதத்தின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது.

சனிக்கிழமை பலர் என்னிடம் கேட்டார்கள்: ‘ஐ ஹியர் யூ நாக்கிங்’ பாட்டுக்கு நடுவே எட்மண்ட்ஸ் என்ன கூவுகிறார் என்று. வரிசையாகப் பெயர்கள்: ஃபேட்ஸ் டாமினோ, ஸ்மைலி லூயிஸ், சக் பெரி, ஹ்யூயி ஸ்மித். தனக்கு இந்த இசையைத் தந்தவர்களைப் பாட்டை நிறுத்தாமலே பெயர் சொல்லி அழைக்கிறார். லூயிஸ் 1966இலேயே இறந்துவிட்டார். தன் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்ததை அவர் பார்க்கவில்லை. ஆனால் அந்தத் தட்டை வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் அவர் பெயர் ஒலித்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இந்த மடலை எழுதத் தோன்றியதும் அதனால்தான்.

‘ராக்பைல்’ தட்டு கீறல் இல்லாமல் பெரியவரிடம் திரும்பிவிட்டது. அடுத்து எட்மண்ட்ஸின் 1975ஆம் வருட ஆல்பத்தைக் கேட்கலாம் என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள், சரி. தட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். அக்கா, உங்கள் பெரிய டீ ஃபிளாஸ்க் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியும் அன்பும்.