பக்கத்து வீட்டு மாமிக்கு நன்றி

மார்கழி விடுமுறையிலும் ஆஸ்பத்திரி வோட் (நோயாளர் விடுதி) வேலைக்குப் போன திருகோணமலைத் தாதிய மாணவிகளுக்குப் புட்டு அவிக்கப் பழக்கிய, ஓய்வுபெற்ற தாதி மாமிக்கு எங்கள் நன்றி. பெயர் போடவேண்டாம் என்பது அவர் கட்டளை.

மாரியில் அரிசிமா ஈரம் இழுக்கும். குழைக்கமுன் திரும்ப வறுக்கவேணும். உப்புப் போட்ட கொதிநீரைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறுங்கள். மொத்தமாய் ஊற்றினால் களிதான். சுண்டு (அரிசி அளக்கும் பேணி) விளிம்பால் கொத்தி, தேங்காய்ப்பூக் கலந்து, நீத்துப்பெட்டியில் (புட்டு அவிக்கும் ஓலைப் பெட்டி) அமுக்காமல் நிரப்புங்கள். அமுக்கினால் ஆவி ஏறாது, நடுவில் பச்சைமா நிற்கும். மேலால் ஆவி வந்தபின் 10 நிமிடம்.

மாமி வீட்டில் டிவி நாடகத்துக்கும் தடையில்லை. விளம்பரம் போகையில் பக்கத்திலிருப்பவரின் நாடி பார்க்கச் சொல்வார் (கதாநாயகி எப்படியும் அழுதுகொண்டுதான் இருப்பாள்). பெருவிரலால் பிடிக்கக்கூடாது, அதற்கே துடிப்புண்டு. நாடி சீரில்லாவிட்டால் 60 விநாடியும் முழுதாக எண்ணவேணும்.