புளி உடைக்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பேரன் பேத்திகளை வளர்த்துவரும் அப்பத்தா, அம்மாச்சி, தாத்தாக்களுக்கும் வணக்கம்.

தேர்வு முடிந்துவிட்டது. "லீவுக்கு ஏதாவது எழுதக் கொடுங்க டீச்சர், இல்லாட்டி வீட்டுல ஒரே சேட்டை" என்று இந்த வாரம் பல அம்மாக்கள் கேட்டீர்கள். இந்த வருடம் எழுத்து வேலை எதுவும் கொடுக்கவில்லை. யோசித்துத்தான் கொடுக்காமல் விட்டேன். அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பிள்ளைகளே உரக்கப் படித்துக் காட்டட்டும். திணறினால் அவசரப்படுத்தாதீர்கள், கூட்டிக் கூட்டி வாசித்துவிடுவார்கள்.

போன வருடம் பள்ளி திறந்த வாரத்தில், நான்காம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "போன் பார்த்தேன்", "டிவி பார்த்தேன்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர்கள்தான் அதிகம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, அப்பத்தாவோடு புளி உடைத்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். பழத்தை வெயிலில் காயப் போட்டது, ஓட்டைத் தட்டி நாரை உரித்தது, கொட்டை எடுக்கும்போது விரலில் அடி வாங்கியது, கல்லுப்பை இடையிடையே தூவிப் பானையில் அடைத்தது என்று ஒன்றையும் விடவில்லை. "பத்துக் கிலோ பழம் டீச்சர், கடைசியில நாலு கிலோதான் நின்னுச்சு. மிச்சம் ஆறு கிலோ ஓடும் கொட்டையும்" என்றாள். கரும்பலகைக்கு முன்னால் கழித்தல் கணக்கென்றால் அழுதுவிடுகிற பிள்ளை அவள். அன்று கால் மணி நேரம் பேசினாள். மற்ற பிள்ளைகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அவளுக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று நான் வெகுநாள் நினைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் முழுக்க ஒரு பெரிய மனுஷி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். நான் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அதைக் கொடுக்க முடியாது. உங்களால் முடியும்.

பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஏதாவது வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். புளி ஒரு பக்கம், வேப்பம்பூ ஒரு பக்கம், கூழ்வத்தல், மோர்மிளகாய், அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கும் விதை என்று முற்றமும் மாடியும் நிறைந்து கிடக்கும். அந்த நேரத்தில்தான் "அங்கிட்டுப் போ, மிதிக்காத" என்று விரட்டிவிட்டு, கையில் போனைக் கொடுத்துவிடுகிறோம். வேலை சீக்கிரம் முடிய வேண்டுமே என்ற அவசரம். நானும் என் மகனிடம் அப்படிச் சொன்னவள்தான். இப்போது அவன் வெளியூரில் வேலை பார்க்கிறான். கூழ்வத்தல் காய்ச்சும்போதெல்லாம் அந்த நாட்கள் மனதை உறுத்துகின்றன.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தினமும் ஒரு மணி நேரம், நீங்கள் செய்கிற ஏதாவது ஒரு வேலையில் பிள்ளைக்கும் ஓர் இடம் கொடுங்கள். வேட்டி விரித்து வத்தல் ஊற்றும்போது கரண்டியை அவர்கள் கையிலும் கொடுங்கள். வட்டம் கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. காக்கா விரட்ட உட்கார வையுங்கள். பாதி காய்ந்த வத்தலைப் பிய்த்துத் தின்பார்கள், தின்னட்டும். சாயங்காலம் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரிக்கிற வேலைக்குப் பெரியவர்களைவிடச் சின்ன விரல்தான் தோது. அப்போது பேசுங்கள். உப்பு எதற்கு, மிளகாயை ஏன் மோரில் ஊறப்போட்டுத் திரும்பத் திரும்பக் காய வைக்கிறோம், விதைக்குள் ஏன் வேப்பிலை போடுகிறோம் என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் சின்ன வயதில் என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

கண்மாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது மடை ஓரம் மட்டும்தான் தண்ணீர் கிடக்கிறது. அது இன்னும் வற்றியதும் ஊர் கூடி மீன் பிடிப்போம். அன்றைக்குப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் இறங்காமல் கரையில் நிற்பதை அவர்கள் பார்க்க வேண்டும். மீன் பிடிக்கிற ஊத்தாக் கூடையை எப்படிக் கவிழ்ப்பது, கெளுத்தியை முள் குத்தாமல் எப்படிப் பிடிப்பது, விரால் ஏன் சேற்றுக்குள் போய்ப் படுக்கிறது என்பதெல்லாம் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. பிடித்த மீனை விற்காமல், கிடைக்காத வீட்டுக்கும் இரண்டு கொடுத்துவிடுகிற வழக்கத்தையும் அங்கே வைத்தே சொல்லிக்கொடுங்கள்.

மீன் பிடித்து முடிந்த பிறகு இன்னொரு நாள் சாயங்காலம் வெறும் கண்மாய்க்குள் இறங்கி அவர்களோடு நடந்து பாருங்கள். எந்தக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது, எந்த மடை யார் வயலுக்கு, நிறைந்தால் கலுங்கு வழியாக எங்கே போகிறது என்று காட்டுங்கள். கண்மாயின் அடிமட்டத்தை இந்த ஒரு மாதம்தான் பார்க்க முடியும். மண் அள்ளிய குழிகள் எங்கெங்கே இருக்கின்றன, எவ்வளவு ஆழம் என்பதையும் அப்போதே காட்டிவிடுங்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாகத்தான் தெரியும். முழங்கால் ஆழம் என்று நம்பி இறங்கிய பிள்ளை அடுத்த அடியில் காணாமல் போன செய்தியை வருடா வருடம் படிக்கிறோம். நம் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு அப்படி நேர்ந்தால் என்னால் தாங்க முடியாது.

அதற்காகத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். நீச்சல் சொல்லிக்கொடுங்கள், பெண்பிள்ளைகளுக்கும் கட்டாயம். எனக்கு என் அப்பா சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார். கயிற்றின் மறுமுனை அவர் கையில் இருந்தது. நான் நன்றாக நீந்தப் பழகிய பிறகும் பல நாள் அவர் அந்தக் கயிற்றை விடவில்லை. நீந்தத் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் கிணற்றுக்கோ கண்மாய்க்கோ எந்தப் பிள்ளையும் போகக் கூடாது. அண்ணன் கூட இருக்கிறான் என்பது போதாது. அவனும் பிள்ளைதான்.

மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். பதினொரு மணிக்கு மேல் நாலு மணி வரை வெளியே விடாதீர்கள். நுங்கு தின்றுவிட்டு, மிஞ்சிய காய்க் கூந்தலில் வண்டி செய்து கவட்டைக் கம்பால் உருட்டுகிற விளையாட்டைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளட்டும். உச்சி வெயிலுக்குத் திண்ணையில் தாயமும் பல்லாங்குழியும் போதும். பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் கிடைத்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு மாதம் அது இல்லை. நூறு நாள் வேலைக்கு விடிந்ததும் கிளம்புகிற அம்மாக்கள், கேப்பைக் கூழோ பழைய சோறோ கரைத்து மூடி வைத்துவிட்டுப் போங்கள்.

திருவிழாவுக்குப் போவீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது மதுரையிலும் சரி, மானாமதுரையிலும் சரி, கூட்டம் நெரியும். சின்னப் பிள்ளையின் கையில் உங்கள் போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். ஒரு நாள் கீழடி அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். நம் மாவட்டத்திலேயே இருந்தும் இதுவரை பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். பானை ஓட்டை உரசி வட்டமாக்கிய சில்லுகள் அங்கே இருக்கின்றன, தாயக்கட்டையும் இருக்கிறது. அந்த ஊரில் கிடைத்த பொருட்களில் சில கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்டிருக்கிறது. போன வாரம் பாண்டி ஆடிய சில்லையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். இரண்டையும் அவர்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

திருப்பூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. இரவு போனில் பேசும்போது "நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்டால் "ம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துபோகிறது. "இன்னைக்கு எத்தனை வேட்டி வத்தல் ஊத்துனீங்க? காக்கா வந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களால் பக்கத்தில் உட்கார முடியவில்லை என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. தினமும் கேட்டால் பிள்ளை உங்களுக்காகவே அன்றைய கதையைச் சேர்த்து வைத்திருக்கும்.

வீட்டு வேலையில் கூட உட்கார வைப்பது வேறு, கூலிக்கு அனுப்புவது வேறு. 14 வயது நிறையாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பது குற்றம். செங்கல் சூளைக்கோ கடைக்கோ யாராவது வந்து கேட்டால் மறுத்துவிடுங்கள். கடன் நெருக்கடி என்றால் என்னிடம் வந்து பேசுங்கள், சேர்ந்து வழி பார்ப்போம். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் ஒன்பதாம் வகுப்பில் சேர மாற்றுச் சான்றிதழைத் தள்ளிப்போடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஓர் உதவி. புளி உடைத்த கொட்டையை மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள். பள்ளி திறக்கும் அன்று ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கைப்பிடி கொடுத்து அனுப்புங்கள். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல்லாங்குழியில் எண்ணக் கற்றுக்கொடுக்கப் போகிறேன். பதினான்கு குழிக்கும் ஐந்தைந்து போட்டால் ஒரு பலகைக்கே 70 கொட்டை வேண்டும். நம்மிடம் ஆறு பலகை இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி