பழைய பேஸ் கிட்டாரை விற்றுவிடாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. "பேஸை விற்றுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கப்போகிறேன், எதை வாசித்தாலும் சேற்றில் கால் வைத்த மாதிரி கேட்கிறது" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நேரத்தில் என்னுடைய பேஸ் மேசை மேல் வயிறு திறந்து கிடந்தது. வேலை முடியட்டும், காதால் கேட்டுவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது முடிந்துவிட்டது. விற்காதேடா.

வீட்டில் எல்லோரும் நலம். என் மணிக்கட்டு வலி பெரும்பாலும் போய்விட்டது. மகள் இந்த வருடம் பேஸை மடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் முதல் பிரெட்டுக்குக் கை எட்டவில்லை, அதனால் ஐந்தாவதில் தொடங்கித்தான் எல்லாவற்றையும் வாசிக்கிறாள். இந்த வேலைக்கே அவள்தான் காரணம். ஒருநாள் ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) போட்டதும், "அப்பா, நாம வாசிக்காதப்பவும் இது ஏன் ம்ம்ம்னு சொல்லிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டாள். இருபது வருடமாக அந்த இரைச்சல் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்டது அவளுக்குத்தான்.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வாங்கினோமே, நினைவிருக்கிறதா? ஃபெண்டர் கம்பெனியின் இரண்டு பேஸ் வடிவங்களில் நீ பிரிசிஷன் வடிவத்தை எடுத்தாய், நான் ஜாஸ் வடிவத்தை எடுத்தேன். உனக்கு அந்த இரைச்சல் கிடையாது. 1957-இல் லியோ ஃபெண்டர் ஆட்கள் பிரிசிஷன் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பாகத்தை, இரண்டு துண்டாக்கினார்கள். ஒரு துண்டின் காந்த முகம் வடக்கு என்றால் மற்றதன் முகம் தெற்கு. காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுற்றும் எதிர்த் திசையில் போகும். தந்தியின் ஒலி இரண்டிலும் ஒரே பக்கமாகவே வரும். வெளியிலிருந்து நுழைகிற மின் இரைச்சல் மட்டும் ஒன்றுக்கொன்று எதிராக வந்து அடிபட்டுப் போகும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இருப்பவை தனித்தனியான இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். இப்போது செய்கிற ஜோடிகளில் அந்த இரண்டையும் இதேபோல் எதிரெதிராகச் செய்துவிடுகிறார்கள். இரண்டு வால்யூமையும் ஒரே அளவில் வைத்தால் இரைச்சல் அடங்கிவிடும்.

என்னுடையதில் எப்படி வைத்தாலும் அடங்கவில்லை. பிக்கப்புகளைக் கழற்றி முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தேன். ஒன்றையொன்று தள்ளின. அதாவது இரண்டு முகமும் ஒரே துருவம். மலிவான பேஸ் என்பதால் ஒரே பிக்கப்பை இரண்டு இடத்திலும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுகிற ஊர்களில் இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. நம் தடித்த ஈ தந்தியின் மூன்றாவது பிரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலின் அடிநாதம் கிட்டத்தட்ட அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த ஜி-யைப் பிடித்து நிறுத்தும்போதெல்லாம் சுரம் ஏன் கலங்குகிறது என்று எத்தனை நாள் யோசித்திருக்கிறேன்!

சரி, உன் பேஸுக்கு வருகிறேன். உன் சிக்கல் இரைச்சல் இல்லை, தெளிவின்மை. பிக்கப் வாங்குவதற்கு முன் தந்தியை மாற்று. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் மேற்பரப்பு வழவழப்பான பழைய ஃபிளாட்வவுண்ட் தந்திகளையே வைத்துக்கொண்டு ஒரே விரலால் அற்புதங்கள் செய்தார் என்று நீ பதில் எழுதுவாய், தெரியும். அது அவர் விரல். நமக்குப் புதுத் தந்தி வேண்டும்.

அப்புறம் பிக்கப்பின் உயரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் இது. பல வருடமாகத் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் என் பிக்கப் மேலே வரவே இல்லை. திறந்த பிறகுதான் தெரிந்தது. கீழே வைத்திருந்த பஞ்சு நைந்து, அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. திருகு பிக்கப்பைக் கீழே அழுத்தத்தான் செய்யும். மேலே தள்ளுவது அந்தப் பஞ்சுதான். தடிமனான புதுப் பஞ்சை வெட்டி வைத்ததும் பழைய பிக்கப்பிலேயே பாதித் தெளிவு வந்துவிட்டது. கடைசி பிரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, தந்திக்கும் பிக்கப் முனைக்கும் இடையே ஈ பக்கம் சுமார் 3 மில்லிமீட்டரும் மெல்லிய ஜி தந்திப் பக்கம் இரண்டரையும் வைத்துத் தொடங்கு. அதிலிருந்து காதால் கேட்டுக் கேட்டு நகர்த்து. ரொம்பக் கிட்டே போனால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும், சுரம் தள்ளாடும்.

இவ்வளவு செய்தும் சேறு போகவில்லை என்றால் பிக்கப்பை மாற்று. நான் மாற்றினேன். பேஸ் வாங்கிய விலையில் கால் பங்கு கூட ஆகவில்லை. பழையதைத் திருப்பிப் பார்த்தால் இரும்பு ஊசிகளுக்கு அடியில் ஒரு கறுப்புச் செராமிக் பட்டை ஒட்டியிருந்தது. புதியதில் ஊசிகளே அல்னிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம். மல்டிமீட்டரில் மின்தடை பழையது 7.2 கிலோ ஓம் காட்டியது, புதியது 7.5. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி; கேட்டால் உறவே இல்லை. அதனால் விளம்பரத்தில் போடும் ஓம் கணக்கைப் பார்த்து வாங்கிவிடாதே. சுற்றிய விதம், காந்தம், ஊசி எல்லாம் சேர்ந்துதான் ஒலி. செராமிக் என்றாலே மட்டம் என்றும் நினைக்காதே, நன்றாகச் செய்த செராமிக் பிக்கப்பும் இருக்கிறது.

அளவு முக்கியம். ஜாஸ் வடிவத்தில் நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்கப் சுமார் 92 மில்லிமீட்டர் நீளம், தந்திகளின் அடி முனை உட்காரும் பிரிட்ஜ் பக்கத்தது சுமார் 95. என்னுடையதில் இரண்டு குழியும் குட்டையாகவே இருந்தன, பிரிட்ஜ் பக்கக் குழியை உளியால் கொஞ்சம் செதுக்க வேண்டியதாயிற்று. உன்னுடைய இரட்டைத் துண்டில் இந்தத் தலைவலி குறைவு. இருந்தாலும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்.

ஒயர்களை ஈயம் வைத்து ஒட்டும்போது பொறுமை வேண்டும். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டின் முதுகில் ஈயம் ஒட்டவே மாட்டேன் என்றது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஈயம் உருக்கும் அயர்ன் முனையைப் படுக்கவைத்து இடத்தை நன்றாகச் சூடாக்கிவிட்டு ஈயத்தைத் தொட்டேன். குட்டி மணியாக உருண்டு நின்ற ஈயம் ஒரு நொடியில் தண்ணீர் மாதிரி பரவியது. அப்படிப் பரவினால்தான் அது பிடிக்கும். உருண்டையாகவே நின்றால் எடுத்துவிட்டு மறுபடி வை.

எல்லாம் முடித்து ஆம்ப்பில் மாட்டினேன். தனித்தனியாக இரண்டு பிக்கப்பும் அருமையாகப் பேசின. சேர்த்துத் திறந்ததும் அடிநாதம் மொத்தமாகக் காணாமல் போய், மூக்கடைத்த ஒரு மெல்லிய குரல். இரைச்சலும் முன்பைவிட அதிகம். மனசே உடைந்துவிட்டது. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு புரிந்தது: பிரிட்ஜ் பிக்கப்பின் வெள்ளை, கறுப்பு ஒயர்களை இடம் மாற்றி வைத்திருக்கிறேன். இரண்டும் எதிர்க் கட்டத்தில் ஓடி ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. மாற்றி வைத்தேன். ஈ தந்தியை எந்த பிரெட்டிலும் அழுத்தாமல் ஒரு தட்டு தட்டினேன். அந்தச் சுரம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கையை எடுத்த பிறகும் நீண்ட நேரம் நின்று, மெதுவாகத் தேய்ந்து, பிறகு ஒன்றுமில்லை. இரைச்சல் என்பதே இல்லை. மகள் அறைக்குள் வந்து, "ஆஃப் பண்ணிட்டியா?" என்றாள்.

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலோ, பிரெட் தேய்ந்து பள்ளமாகியிருந்தாலோ எந்தப் பிக்கப்பும் அதைக் காப்பாற்றாது. நெக்கின் நீளத்துக்குக் கண்ணை வைத்துப் பார். போன முறை உன்னுடையதை வாசித்தபோது நெக் நேராகத்தான் இருந்தது, பன்னிரண்டாவது பிரெட்டில் சுரமும் சுத்தமாக இருந்தது. அந்த மரம் இன்னும் நிறைய வருடம் உழைக்கும். அதனால்தான் விற்காதே என்கிறேன்.

முதலில் தந்தியை மாற்றி, உயரத்தைச் சரிசெய்து, ஒரு வாரம் வாசித்துப் பார். அப்போதும் திருப்தி இல்லை என்றால் முன்பக்கத் தட்டைக் கழற்றி, ஒயர்கள் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. எந்த ஒயர் எங்கே போகிறது என்று நான் வரைந்து அனுப்புகிறேன். என் அயர்னையும் மீதி ஈயத்தையும் எடுத்துக்கொண்டு நானே வந்தாலும் வருவேன். மகளும் வருவாளாம். உன் பேஸில் முதல் பிரெட் எட்டுகிறதா என்று அவளுக்குப் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
உன் நண்பன்